மேடையிலிருந்து கேமரா முன்னால்: கோலாலம்பூர் நாடக நடிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேசிய அரங்கமான இஸ்தானா புடாயாவின் பெரிய அரங்கில் சுமார் 1,400 இருக்கைகள். செந்தூலில் இருக்கும் கேஎல்பேக் கலை மையத்தின் முதல் அரங்கில் சுமார் 500. பிரிக்பீல்ட்ஸ் அரங்கமோ, தோட்டத்துக் கோயில் திருவிழா மேடையோ, எங்கே வளர்ந்திருந்தாலும் நாடக நடிகரின் உடம்பு ஒன்றை மட்டும் மறக்காது: கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படி வளர்ந்தவர் முதல் நாள் கேமரா முன்னால் நின்றதும் இயக்குநர் சொல்வார், "கொஞ்சம் குறைச்சுப் பண்ணுங்க." அவரும் குறைப்பார். குரல் குறையும், கை குறையும், முகம் குறையும், கூடவே நினைப்பும் குறைந்துவிடும். திரையில் பார்த்தால் தூங்கி எழுந்த ஒருவர் வசனம் ஒப்பித்துக்கொண்டிருப்பார்.

"குறைச்சுப் பண்ணுங்க" என்பது பாதி உண்மைதான். உண்மையில் மாறுவது தூரம். மேடையில் பார்வையாளர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் அவரை எட்டிப் பிடிக்கிறீர்கள். படப்பிடிப்பில் பார்வையாளர் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார். ஒரு ஷாட்டில் சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பார், அடுத்த ஷாட்டில் உங்கள் மூக்கு நுனிக்கு வந்துவிடுவார். எந்த ஷாட்டில் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் எவ்வளவு குறைத்தாலும் அது குருட்டுக் கணக்குதான். பின்வரும் படிகள் எல்லாம் அந்தத் தூரத்தைத் தெரிந்துகொண்டு வேலை செய்வதற்கானவை.

பழகிப் பார்க்க ஒரு சின்னக் காட்சியை வைத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஒட்டுக்கடை, இரவு நேரம், மேசையில் இரண்டு தே தாரிக். நீங்கள் அண்ணன்.

அண்ணன்: என்னடா, போன் எடுக்கவே மாட்டற?
தம்பி: வேலைண்ணே.
அண்ணன்: அம்மா எப்படி இருக்காங்க?
தம்பி: நல்லா இருக்காங்க... அண்ணே, வீட்ட வித்துட்டேன்.
அண்ணன்: எந்த வீட்ட?

1. ஃப்ரேம் எங்கே வெட்டுகிறது என்று கேளுங்கள்

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒளிப்பதிவாளரிடமோ உதவி இயக்குநரிடமோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஃப்ரேம் எங்கே இருந்து எங்கே?" அவர் கையை வைத்துக் காட்டுவார். இடுப்பு, நெஞ்சு, கழுத்து. அனுபவப்பட்டவர்களும் கேட்பார்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். லென்ஸின் எண்ணையும் தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் தூரத்தோடு சேர்த்துக் கேட்டால்தான் அதனால் பயன். பக்கத்தில் 35 மி.மீ வைத்தாலும் முகம் நிறையும், தள்ளி 85 மி.மீ வைத்தாலும் நிறையும்.

மாஸ்டர் ஷாட், அதாவது காட்சி முழுவதையும் அகலமாக எடுப்பது. இதில் இரண்டு பேரும் மேசையும் கடையின் ஒரு பகுதியும் தெரியும். இங்கே மேடைப் பழக்கம் உதவும். உட்காரும் விதம், நாற்காலியை இழுப்பது, தம்பி வரும்போது நிமிர்வது என்று உடம்புதான் கதை சொல்கிறது. முகத்தில் செய்யும் நுணுக்கம் இங்கே யாருக்கும் தெரியாது.

மிட் ஷாட், அதாவது இடுப்பிலிருந்து தலை வரை. மடியில் இருக்கும் கை தெரியாது. நெஞ்சு உயரத்துக்கு வராத சைகை வீண். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் மணிக்கட்டோடு ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும், பார்ப்பவருக்கு அது வெட்டுப்பட்ட கை. மேடை நடிகர்கள் அதிகம் தடுமாறும் அளவு இதுதான். முழு உடம்பும் தெரியவில்லை, முகம் மட்டுமே பேசுகிற அளவுக்குப் பக்கத்திலும் இல்லை. கையைப் பேச்சுக்குத் தாளம் போட விடாமல் ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள். கண்ணாடிக் கோப்பையைச் சுற்றுவது போதும்.

க்ளோஸ்-அப்பில் கண்ணும் வாயும்தான் மேடை. தம்பி "வீட்ட வித்துட்டேன்" என்று சொல்லும் நொடியை எடுத்துக்கொள்வோம். மேடையில் என்றால் பின்னுக்குச் சாய்ந்து, கோப்பையை மேசையில் வைத்து, ஓர் இடைவெளி விட்டு, "எந்த வீட்ட?" என்று குரலை உயர்த்தலாம், கடைசி வரிசைக்கும் புரியும். க்ளோஸ்-அப்பில் அதையே செய்தால் பார்ப்பவர் திடுக்கிடுவார், அதுவும் செய்திக்காக அல்ல, உங்களுக்காக. அதற்காக முகத்தை இறுக்கிப் பூட்டிக்கொண்டாலும் தப்பு. செய்ய வேண்டியது மனத்துக்கு வேலை கொடுப்பது. அண்ணன் மனதில் வரிசையாக மூன்று கேள்விகள் ஓடட்டும்: அப்படியென்றால் அம்மா இப்போது எங்கே தங்கியிருக்கிறார்? கையெழுத்து யார் போட்டது? பணம் எங்கே? மூன்றையும் நிஜமாகவே, அவசரப்படாமல் கேட்டு முடித்துவிட்டுப் பிறகு வாயைத் திறங்கள். "எந்த வீட்ட?" எவ்வளவு தாழ்ந்து வந்தாலும் போதும். "அதிர்ச்சி" என்ற முகத்தைச் செய்தால் கேமரா அதைப் பொய் என்று கண்டுபிடிக்கும். கணக்குப் போடும் முகம் பொய் சொல்லாது.

இதிலிருந்து இன்னொன்றும் வரும். திரையில் கேட்பவரின் முகத்துக்குப் பேசுபவரின் முகத்துக்கு நிகரான இடம் உண்டு. எடிட்டர் தம்பியின் வசனத்தை உங்கள் முகத்தின் மேல் ஓடவிடுவார். மேடையில் அடுத்தவர் பேசும்போது ஓய்வெடுத்துப் பழகியவர்கள் இங்கே பாதிக் காட்சியை இழக்கிறார்கள்.

2. கைப்பேசியில் மூன்று வாரம்

வகுப்புக்குப் போவதற்கு முன்பே வீட்டில் பாதிப் பழக்கம் மாறும். முக்காலியில் கைப்பேசியைக் கண் மட்டத்தில் வையுங்கள். அதே ஐந்து வரிகளை மூன்று அளவில் எடுங்கள்: முழு உடம்பு, இடுப்பு, முகம்.

முதல் வாரம் எடுத்ததை ஒலி இல்லாமல் மட்டும் பாருங்கள். வசனம் கேட்காதபோது எந்த அசைவு காரணமே இல்லாமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது புருவமும் தலையும்தான். ஒவ்வொரு அழுத்தமான சொல்லுக்கும் புருவம் தூக்குவது மேடையும் பரதமும் பயின்றவர்களின் பொதுவான சொத்து. பெரிய அரங்கில் அது முகத்தைத் திறந்து காட்டும், க்ளோஸ்-அப்பில் குழந்தைக்குக் கதை சொல்வது போல இருக்கும். மருந்தகத்தில் கிடைக்கும் காகித நாடாவில் ஓர் அங்குலத் துண்டை இரண்டு புருவத்துக்கும் நடுவே செங்குத்தாக ஒட்டிக்கொண்டு வசனம் பேசிப் பாருங்கள். சுருங்கும் ஒவ்வொரு முறையும் தோலில் தெரியும். புருவத்தைக் கட்டிப்போடுவது இதன் நோக்கம் இல்லை, எப்போது தூக்குகிறோம் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாம் வாரம் ஒலியை மட்டும் கேளுங்கள், படத்தைப் பார்க்காதீர்கள். மூன்றாம் வாரம் பேசாமல் கேட்கும் பக்கத்தை எடுங்கள். ஒருவர் தம்பியின் வரிகளைப் படிக்கட்டும், நீங்கள் கேட்பதை மட்டும் இரண்டு நிமிடம் பதியுங்கள். இதுதான் கடினம், இதைத்தான் பலரும் தவிர்ப்பார்கள்.

3. கண்

மேடையில் பார்வை மண்டபத்துக்குள் பரவும். கேமராவில் கண் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். எதிரில் இருப்பவரின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்க்காதீர்கள். நேரில் அது இயல்பு, க்ளோஸ்-அப்பில் உங்கள் கருவிழி இடமும் வலமும் ஓடும், ஏதோ மறைப்பவர் மாதிரி தெரியும். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கண் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முகம் லென்ஸ் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும்.

க்ளோஸ்-அப் எடுக்கும்போது எதிர் நடிகரை லென்ஸை ஒட்டி நிற்க வைப்பார்கள். இடம் இல்லாவிட்டால் லென்ஸ் பக்கத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி "இதுதான் தம்பி" என்பார்கள். டேப்பை முறைக்காதீர்கள். டேப்புக்கு ஓர் அடி பின்னால் ஒரு முகம் இருப்பதாக நினைத்துப் பாருங்கள், கண்ணின் குவியம் மாறும்.

வசனத்தைத் தேடும்போது கண் மேலே அல்லது பக்கவாட்டில் ஓடும். மேடையில் யாருக்கும் தெரியாத இந்தப் பழக்கம் இங்கே முதலில் மாட்டிக்கொள்ளும். மருந்து ஒன்றுதான், வசனம் இன்னும் ஆழமாக மனப்பாடம் ஆக வேண்டும். கண் சிமிட்டுவதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை சிமிட்டுவது மனித இயல்பு. முக்கியமான சொல்லின் நடுவில் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், அது சொல்லின் பலத்தை எடுத்துவிடும்.

காட்சி கேட்டாலொழிய லென்ஸைப் பார்க்காதீர்கள். "கட்" சொன்ன மறுநொடி மானிட்டர் பக்கம் திரும்பி "எப்படி?" என்று பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். கடைசி வரிக்குப் பிறகு "கட்" வரும்வரை அந்த ஆளாகவே இருங்கள். எடிட்டருக்குத் தேவையான மூன்று நொடி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

4. மார்க்கும் ஃபோகஸும்

மேடையில் ஓரடி முன்னோ பின்னோ நின்றால் ஒன்றும் ஆகாது. இங்கே கணக்கு வேறு. முழு ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ லென்ஸ், f/2 திறப்பு, நீங்கள் 2 மீட்டர் தள்ளி இருந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே ஆறேழு சென்டிமீட்டர். சொல்லாமல் பத்து சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் கண் மங்கிவிடும். உங்கள் உயிரைக் கொடுத்த டேக் (ஒரு முறை எடுத்த பதிவு) குப்பைக்குப் போகும், ஃபோகஸ் பிடிப்பவர் திட்டு வாங்குவார். சாய வேண்டும் என்று தோன்றினால் ஒத்திகையிலேயே சாயுங்கள், அவர் பார்த்து வைத்துக்கொள்வார். ஒத்திகையில் செய்யாததைத் திடீரென்று டேக்கில் செய்வது மேடைக்காரருக்கு உத்வேகம், ஃபோகஸ்காரருக்குத் தலைவலி.

நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடத்தில், தரையில் டி வடிவ டேப் ஒட்டுவார்கள், அதுதான் மார்க். அதைக் குனிந்து பார்க்காமல் வந்து நிற்கப் பழகுங்கள். முதலில் மார்க்கில் நில்லுங்கள். அங்கிருந்து தொடங்கும் இடத்துக்குப் பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணுங்கள், எந்தக் காலில் தொடங்கினால் எந்தக் காலில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணின் ஓரத்தில் ஓர் அடையாளம் வையுங்கள்: மேசையின் மூலை இடது இடுப்புக்கு நேராக வந்தால் வந்து சேர்ந்தாயிற்று. வீட்டில் மூன்று டேப் ஒட்டி, வசனம் பேசிக்கொண்டே பத்து முறை நடந்தால் ஒரு மாலையில் கைவந்துவிடும். உட்காருவதற்கும் மார்க் உண்டு. நாற்காலியில் வேகமாக விழுந்தால் கேமராவால் கூட வர முடியாது, எழுந்திருப்பதும் அப்படித்தான். சாதாரண வேகத்தைவிடக் கொஞ்சம் நிதானம் போதும்.

பார்வையாளர் பக்கம் முக்கால்வாசி திரும்பி நிற்கும் மேடை நிற்பை மறந்துவிடுங்கள். அண்ணனும் தம்பியும் பேசினால் ஒருவரையொருவர் பார்க்கட்டும். திரும்பச் சொல்ல வேண்டியது கேமராக்காரரின் வேலை, அவர் சொன்னால் மட்டும் திரும்புங்கள்.

5. குரலும் தமிழும்

ஒட்டும் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சில் வைப்பார்கள். நீளக் கம்பில் கட்டிய பூம் மைக் ஃப்ரேமுக்குச் சற்று மேலே, தலையிலிருந்து அரை மீட்டர் அளவில் தொங்கும். அதாவது கேட்பவரின் காது ஒரு முழத்துக்குள். குரலைத் தள்ள வேண்டாம், ஆனால் விழுங்கவும் கூடாது. மேடைக்காரர் சத்தத்தைக் குறைக்கும்போது கூடவே மெய்யெழுத்தையும் குறைத்துவிடுவது வழக்கம். மூச்சின் அழுத்தம்தான் இறங்க வேண்டும், உச்சரிப்பு அப்படியே இருக்கட்டும். வரியின் கடைசிச் சொல்லில் குரல் உள்ளே போகிறதா என்று பதிவில் கேட்டுப் பாருங்கள்.

ஒலிப்பதிவாளர் ஒத்திகையில் கேட்கும் அளவை வைத்துத்தான் தன் கருவியைச் சரிசெய்வார். ஒத்திகையில் முணுமுணுத்து டேக்கில் கத்தினால் ஒலி கிழிந்துவிடும். கத்தப்போகும் வரி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டுச் சேலை, கஞ்சி போட்ட வேட்டி, தாலிக்கொடி, கண்ணாடி வளையல் எல்லாம் மைக்குக்கு எதிரி. நெஞ்சில் கைவைத்து அழும் சைகை ஒட்டும் மைக்கில் இடி மாதிரி கேட்கும். க்ளோஸ்-அப்பில் எதிராளியின் வரி முடிவதற்குள் உங்கள் வரியைத் தொடங்காதீர்கள், இயக்குநர் கேட்டால் தவிர. இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எடிட்டரால் பிரிக்க முடியாது.

தமிழ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புராண, சரித்திர நாடகங்களில் பயின்ற நாக்கு, ஒட்டுக்கடைக் காட்சியிலும் ஒரு நேர்த்தியைத் தேடும். "அம்மா எப்படி இருக்காங்க" என்பதை "இருக்கிறார்கள்" நோக்கி இழுக்கும், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும். நம் ஊர்ப் பேச்சில் சொற்கள் ஒட்டிக்கொண்டு ஓடும், மலாய்ச் சொல் ஊடே வந்து போகும், வரி முடிவில் ஒரு "லா" தானாக விழும். காட்சியைத் தமிழ்நாட்டுச் சீரியலின் ராகத்தில் பேசுவது இன்னொரு கோளாறு, வீட்டில் ஓடும் தொலைக்காட்சியிலிருந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் கதாபாத்திரம் ரவாங் தோட்டத்தில் வளர்ந்தவரா, பங்சாரில் வளர்ந்தவரா என்று முடிவு செய்யுங்கள். அப்படிப்பட்ட ஒருவர் பேசுவதை (அனுமதியோடு) பதிந்து கேளுங்கள். அந்தத் தாளத்தில் வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த ஊரில் வெளிப்புற ஒலிக்கும் தயாராக இருங்கள். மாலை மழை தகரக் கூரையில் விழும், பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும், எல்ஆர்டி கடக்கும், மோட்டார் சைக்கிள் உறுமும். ஒலிப்பதிவாளர் கையைத் தூக்குவார், எல்லாரும் காத்திருப்பார்கள். உணர்ச்சி உச்சத்தில் நிற்கும்போது ஐந்து நிமிடம் நின்று, பிறகு அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அரட்டையில் இறங்காதீர்கள். முந்தைய வரியைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதும் வேண்டாம். அண்ணனுக்குக் கடைசியாகத் தெரிந்த செய்தி எதுவோ அதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

6. கோப்பை எந்தக் கையில்?

ஒரே காட்சியை மாஸ்டர், உங்கள் தோளுக்கு மேலாக, தம்பி தோளுக்கு மேலாக, இரண்டு க்ளோஸ்-அப் என்று ஐந்தாறு முறை வெவ்வேறு கோணத்தில் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் அசைவு ஒத்துப்போக வேண்டும். மாஸ்டரில் "எப்படி இருக்காங்க" என்ற சொல்லில் வலது கையால் தே தாரிக்கைத் தூக்கி, தம்பியின் "நல்லா" என்ற சொல்லில் குடித்திருந்தால், எல்லாக் கோணத்திலும் அதே சொல், அதே கை. கண்டினியூட்டி பார்க்க ஒருவர் இருப்பார், ஆனால் சிறிய தயாரிப்புகளில் அவரே மற்ற மூன்று வேலையும் பார்ப்பார். பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

வழி இதுதான்: அசைவைச் சொல்லோடு முடிச்சுப் போடுங்கள், உணர்ச்சியோடு போடாதீர்கள். உணர்ச்சி டேக்குக்கு டேக் மாறும், சொல் மாறாது. வசனத் தாளில் அந்தச் சொல்லுக்குக் கீழே சின்னக் குறி: "வ.கை தூக்கு", "வை". ஒரு காட்சிக்கு மூன்று நான்கு அசைவுக்கு மேல் வைக்காதீர்கள். மாஸ்டரில் இலவசமாகக் குவித்த ஒவ்வொரு அசைவுக்கும் க்ளோஸ்-அப்பில் வட்டி கட்ட வேண்டிவரும். சாப்பாட்டுக் காட்சி என்றால் முதல் டேக்கிலேயே ரொட்டி சானாயை ஆர்வமாகச் சாப்பிடாதீர்கள். பன்னிரண்டாவது டேக்கில் பதினோரு துண்டு வயிற்றில் இருக்கும். சின்னதாகப் பிய்த்து, மெல்லும் சொல்லைக் குறித்துவைத்து, "கட்" ஆனதும் துப்ப ஒரு பாத்திரம் கேளுங்கள். பெரிய நடிகர்களும் துப்புகிறார்கள்.

7. வரிசை கலைந்த கதை

நாடகத்தில் இரண்டு மணி நேரம் ஏறி உச்சிக்குப் போவீர்கள். படப்பிடிப்பில் இடத்துக்கும் பகல் வெளிச்சத்துக்கும் ஏற்பக் காட்சிகள் கலையும். அம்மாவின் சாவு முதல் நாள் காலையில், அவரோடு சிரித்துச் சாப்பிடுவது நான்காம் நாள். வீடு விற்ற செய்தி தெரிந்த பிறகு வரும் காட்சியை முதலில் எடுத்துவிட்டால், ஒட்டுக்கடைக் காட்சியில் அண்ணன் முகத்தில் முன்கூட்டியே ஒரு கவலை ஒட்டியிருக்கும். மேடைக்காரர்களுக்கு இந்தத் தவறு இயல்பாகவே வரும், ஏனென்றால் முழுக் கதையும் அவர்கள் உடம்பில் இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காட்சிக்கு ஒரு பக்கம், சில வரி: காட்சி எண், கதையில் எந்த நாள், எந்த நேரம், ஒரு நிமிடத்துக்கு முன்னால் நான் எங்கே இருந்தேன், எனக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரியாது, உடம்பு எப்படி இருக்கிறது (பசி, வியர்வை, காயம்), உணர்ச்சியின் சூடு பத்துக்கு எத்தனை. ஒட்டுக்கடைக் காட்சிக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கும்: "வேலை முடிந்து கிளாங்கிலிருந்து காரில் வந்தேன், நெரிசல், பசி. தம்பி போன் எடுக்கவில்லை என்று கோபம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சூடு 3, வீடு விற்ற வரிக்குப் பிறகு 6." எட்டு வேண்டாம், எட்டு அடுத்த காட்சிக்கு. முந்தைய இரவு கால் ஷீட் (மறுநாள் படப்பிடிப்பின் அட்டவணை) வந்ததும் மறுநாள் காட்சிகளின் பக்கங்களை மட்டும் கிழித்துப் பையில் வையுங்கள்.

வசனத்தை மனப்பாடம் செய்வதிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஆறு வார ஒத்திகையில் வரியும் அதன் ராகமும் சேர்ந்து உறைந்துவிடும். இங்கே பெரும்பாலும் ஒத்திகை ஒரே ஒரு முறை, அதுவும் விளக்கு நகர்த்தும் இரைச்சலில். இயக்குநர் வேறு விதமாகக் கேட்டால் உறைந்த ராகம் உடையாது. பாத்திரம் கழுவிக்கொண்டே, மாடிப்படி ஏறிக்கொண்டே, எந்த உணர்ச்சியும் இல்லாமல் வெறும் சொல்லாக மனப்பாடம் செய்யுங்கள்.

8. செட்டில் ஒரு நாள்

பன்னிரண்டு மணி நேர நாள் சாதாரணம். அதில் நடிப்பது மொத்தமாக ஒரு மணி நேரம் தேறினால் அதிகம், மற்றதெல்லாம் காத்திருப்பு. பெரும்பாலும் அகலமான ஷாட் முதலில், க்ளோஸ்-அப் கடைசியில். மாஸ்டரிலேயே கண்ணீரைக் கொட்டித் தீர்த்துவிட்டு மாலை க்ளோஸ்-அப்பில் வறண்டு நிற்பது புதிதாக வரும் மேடைக்காரரின் கதி. அழுகைக் காட்சி என்றால் இயக்குநரிடம் முன்பே பேசுங்கள், க்ளோஸ்-அப்பை முதலில் எடுக்க முடியுமா என்று. பலர் ஒத்துக்கொள்வார்கள், விளக்கு இடம் கொடுத்தால்.

அதற்காக உங்கள் ஷாட் இல்லாதபோது தம்பிக்குச் சுரத்தில்லாமல் வரி கொடுக்காதீர்கள். அவர் க்ளோஸ்-அப்புக்கு நீங்கள் கொடுப்பதுதான், அரை மணி கழித்து உங்கள் க்ளோஸ்-அப்புக்குத் திரும்ப வரும்.

"ஆக்‌ஷன்" கேட்டதும் பாயாதீர்கள், ஒரு மூச்சு எடுத்துத் தொடங்குங்கள். வரி தவறினால் நீங்களே "கட்" சொல்லாதீர்கள். அதே ஆளாக இருந்து அந்த வரியைத் திரும்பத் தொடங்குங்கள், எடிட்டர் இணைத்துக்கொள்வார். இரண்டாவது டேக் கேட்டால் முதலாவது மோசம் என்று பொருள் இல்லை. ஃபோகஸ், விளக்கு, பூம் நிழல், எதுவாகவும் இருக்கலாம். "நடிப்பிலா, தொழில்நுட்பத்திலா?" என்று அமைதியாகக் கேளுங்கள். தொழில்நுட்பம் என்றால் எதையும் மாற்றாமல் திரும்பச் செய்யுங்கள். கைதட்டல் கிடையாது. காட்சி நன்றாக வந்தால் "அடுத்த ஷாட்" என்பார்கள், அதுதான் பாராட்டு.

ஒப்பனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்குப் போடும் கனமான பூச்சும் கண் கோடும் வேண்டாம், தோல் நிறம் சமமாகவும் பளபளப்பு இல்லாமலும் இருந்தால் போதும். இந்தப் புழுக்கத்தில் வியர்வையின் மேல் பவுடரை அடுக்கினால் மதியத்துக்குள் திட்டுத் திட்டாகிவிடும். முதலில் எண்ணெய் உறிஞ்சும் தாளால் ஒற்றுங்கள், பிறகு மிகக் கொஞ்சம் பவுடர். கழுத்தும் கையும் முகத்தின் நிறத்திலேயே இருக்கட்டும்.

9. செல்ஃப் டேப்

இன்று தேர்வு பெரும்பாலும் நீங்களே பதிந்து அனுப்பும் காணொளியில் தொடங்குகிறது. கைப்பேசி படுக்கைவசமாக, பின்புறக் கேமரா, 1080பி, நொடிக்கு 25 ஃப்ரேம். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30 ஃப்ரேமில் சில எல்இடி விளக்குகள் படத்தில் துடிக்கும். ஐபோனில் 25 ஃப்ரேம் காணவில்லை என்றால் கேமரா அமைப்பில் பிஏஎல் வடிவங்களைக் காட்டச் சொல்லும் பொத்தானை இயக்குங்கள். திரையில் உங்கள் முகத்தின் மேல் நீண்ட நேரம் அழுத்தி ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் மேகம் கடக்கும் ஒவ்வொரு முறையும் முகம் வெளுத்துக் கறுக்கும்.

சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள், நிழல் சுவரில் விழாது. வெற்றுச் சுவர், வெளிர் சாம்பல் அல்லது நீலம். சாமிப் படமும் காலண்டரும் பின்னால் வேண்டாம். ஜன்னலோ விளக்கோ முன்பக்கம் சாய்வாக, நேர் வெயில் படாமல். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். தம்பி வரியைப் படிப்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும், உங்களைவிடத் தாழ்ந்த குரலில் படிக்கட்டும். அவர் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறார், சாதாரணமாகப் பேசினால் உங்களை மூழ்கடிப்பார்.

ஃப்ரேம் நெஞ்சிலிருந்து தலைக்குச் சற்று மேலே வரை. அறிமுகத்தில் பெயர், உயரம், நடிக்கக்கூடிய வயது வரம்பு, தமிழ், மலாய், ஆங்கிலம் எந்த அளவு வரும், எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள். ஐசி எண் வேண்டாம், அது ஒப்பந்தத்தின்போது கொடுக்க வேண்டியது. இரண்டு டேக் அனுப்பலாம், ஆனால் இரண்டும் வேறு எண்ணத்தோடு இருக்க வேண்டும்: ஒன்றில் அண்ணன் தம்பியை நம்பவில்லை, இன்னொன்றில் நம்ப ஆசைப்படுகிறார். சத்தம் கூடியதும் குறைந்ததுமாக இரண்டு அனுப்பினால் அது ஒரே டேக்தான். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் கதாபாத்திரமும் இருக்கட்டும்.

10. வேலை எங்கே, எதைக் கேட்டு வாங்குவது

அங்காசாபுரியில் ஆர்டிஎம், புக்கிட் ஜாலிலில் ஆஸ்ட்ரோ, அதன் வானவில், விண்மீன் அலைவரிசைகளுக்கு நாடகம் எடுத்துக் கொடுக்கும் தயாரிப்பு நிறுவனங்கள், விளம்பரங்கள், இணையத் தொடர்கள். தொடங்க நல்ல இடம் திரைப்படம் படிக்கும் கல்லூரி மாணவர்களின் குறும்படங்கள்தான். காசு கிடைக்காமல் போகலாம், ஆனால் மார்க்கும் கண் பார்க்க வேண்டிய திசையும் யாருடைய பட்ஜெட்டும் எரியாமல் பழகலாம். ஒரே நிபந்தனை வையுங்கள், உங்கள் காட்சியின் நகல் கைக்கு வர வேண்டும்.

மலேசியாவில் தயாரிப்பு நிறுவனம் ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் வைத்திருக்க வேண்டும். அறியாத நிறுவனம் அழைத்தால் அதைக் கேளுங்கள். நடிகரிடம் பதிவுக் கட்டணம், படப் புத்தகக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் கேட்டு வாய்ப்புத் தருவதாகச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். வேலைக்கு உங்களுக்குத்தான் பணம் வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: எத்தனை நாள், ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் என்ன, படப்பிடிப்பு தள்ளிப்போனால் என்ன, பணம் எந்தத் தேதிக்குள், குரல் பதிவுக்குத் திரும்ப அழைத்தால் அது தொகைக்குள்ளா வெளியிலா. விளம்பரம் என்றால் எந்த ஊடகத்தில், எந்த நாடுகளில், எவ்வளவு காலம் என்பது தொகையைவிட முக்கியம். "எல்லா ஊடகமும், என்றென்றும்" என்று எழுதியிருந்தால், போட்டி நிறுவனத்தின் அடுத்த விளம்பரம் உங்களைத் தேடி வராது. சின்னத் தயாரிப்பில் தாள் கிடையாது என்றால் இதே விஷயங்களை வாட்ஸ்அப்பில் எழுதி, பதில் வாங்கி வையுங்கள்.

நான்கைந்து காட்சி சேர்ந்ததும் ஷோரீல் ஒன்று, அதாவது உங்கள் சிறந்த துண்டுகளின் தொகுப்புக் காணொளி, வெட்டுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிறந்த துண்டு முதல் பத்து நொடிக்குள், உங்கள் முகம் தெரியும்படி. பின்னணி இசையும் மெதுவாக நடக்கும் காட்சிகளும் வேண்டாம், பேசுவதும் கேட்பதும் இருக்கட்டும். மேடை நாடகப் பதிவை அதில் ஒட்டாதீர்கள். மண்டபத்தின் பின்னாலிருந்து எடுத்த படத்தில் நல்ல நடிப்பும் கத்தலாகத்தான் தெரியும். அதைத் தனி இணைப்பாக வைத்திருங்கள், யாராவது கேட்டால் அனுப்பலாம்.